அக்காவுக்கு நான் போட்ட அரைப்பேர்

ஜூன் 12, வியாழன்

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. மழை இல்லை, ஆனால் ஹாலிஎல சந்தியில் குடை விரித்தால் குடையோடு நானும் போய்விடுவேன். தொண்டை வறட்சி. தரம் நாலு கணிதக் கொப்பி 38. திருத்தியது 11.

மாலை பதுளை, ஜிம். டயர் கடைக்கு மேல் மாடி. செவ்வாய், வியாழன் மூன்றரை முதல் ஐந்தரை வரை பெண்களுக்கு மட்டும். நிரோஷா இன்று என் பட்டியலில் புதிதாக ஒன்று சேர்த்தாள். ஹிப் த்ரஸ்ட். (நிரோஷா எங்களுக்குப் பயிற்சி கொடுக்கும் சிங்களப் பிள்ளை. தமிழ் என் வகுப்புப் பிள்ளைகளை விட நன்றாகவே வருகிறது.)

மறக்காமல் இருக்க:
– தோள்பட்டை வாங்கின் (பெஞ்ச்) ஓரத்தில் சாய வேண்டும். முழங்கால் மடக்கி, பாதம் தரையில்.
– இரும்புக் கம்பி இடுப்பு மடிப்பின் மேல். இடையில் தடித்த துணி.
– குதிகாலை ஊன்றி இடுப்பை மேலே தள்ளு. ஒரு கணம் நில். இறக்கு.
– பாரம் கூடினால் மூச்சை வயிற்றில் பிடித்துக்கொள்.
– 10 தடவை, 3 சுற்று. கிழமைக்குக் கிழமை பாரம் கொஞ்சம் கூட்டு.

"மிஸ், உங்க பின்பக்கம் தூங்குது. அதோட வேலையையும் முதுகு செய்யுது. அதான் நோகுது," என்றாள். பன்னிரண்டு வருஷம் கதிரையில் உட்கார்ந்து கொப்பி திருத்தினால் தூங்காமல் என்ன செய்யும்.

வெட்கம். கண்ணாடிக்கு முன்னால் மல்லாந்து இடுப்பைத் தூக்கித் தூக்கிப் போடுவது. பக்கத்தில் ஓடும் மெஷினில் தரம் மூன்று பிள்ளை ஒன்றின் அம்மா. பார்க்காத மாதிரியே ஓடினார். 30 கி. செய்தேன். நன்றாகத்தான் இருந்தது.

5.45க்கு அக்கா அழைத்தாள். "வகுப்பு முடிஞ்சுச்சா பாப்பா?"

"இப்பதான் முடிஞ்சுச்சு."

எட்டு மாதமாக இதே பொய். செவ்வாய், வியாழன் டியூஷன் கொடுக்கிறேனாம். அவள் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்துச் சாக்கைத் தலைக்கயிற்றில் மாட்டி மலை ஏறி இறங்கிக்கொண்டிருக்க, நான் பாரத்தைத் தூக்கி, தூக்கிய இடத்திலேயே வைத்துவிட்டு வருவதற்கு பஸ் ஏறிப் போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது.

ஜூன் 15, ஞாயிறு. மடுல்சீமை

நேற்று மாலை வந்தேன். பசறை தாண்டியதும் பஸ்ஸில் எலும்பெல்லாம் கழன்றது. வாங்கி வந்தது: பாண் 2, கருவாடு, அக்காவுக்கு முதுகுக்குப் பூசும் தைலம். மறந்தது: அவள் கேட்ட தையல் நூல். வெள்ளை.

அக்கா தனியாகத்தான் இருக்கிறாள். அத்தான் கொழும்பில் கடையில். மகள் ஹாஸ்டலில். லயத்து அறையில் தைல வாசம் ஏற்கனவே இருந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டே ரொட்டி சுட்டாள்.

குட்டு வெளிப்பட்டது இப்படி. என் பையில் நூல் தேடினாள். ஜிம் கையுறை வந்தது.

"இதென்னா, ஒரு கைக்கு பாதி வெரலு?"

சொல்லிவிட்டேன். எட்டு மாதப் பொய்யும் சேர்த்து. கோபப்படுவாள் என்று பார்த்தால், முதல் கேள்வி: "எத்தனை கிலோ?"

"முப்பது."

"முதுகுலயா?"

"இடுப்பால. மல்லாந்து படுத்துக்கிட்டு."

சிரித்தாள் பார், ரொட்டி கருகும் வரை சிரித்தாள். கண்ணில் தண்ணீர். "யாரு பாப்பா நிறுக்கிறது? கணக்கப்புள்ள வருவாரா?"

பொய் சொன்னதற்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நிம்மதி.

பிறகு செய்து காட்டினேன். வாசலில் கிடந்த பலகை வாங்கை உள்ளே இழுத்துச் சுவரில் முட்டுக் கொடுத்தோம். கதவைச் சாத்திவிட்டு அவளும் செய்தாள். பாரம் ஒன்றும் இல்லாமல், வெறும் உடம்பு. மேலே தூக்கியவள் இறக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றாள்.

"இறக்கு அக்கா."

"இரு. நல்லாருக்கு. லேசா இருக்கு பாப்பா."

முதுகு வலி லேசாகிறது என்று நினைத்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாத்தியார் புத்தி. காலண்டரின் பின்பக்கத்தில் அட்டவணை போட்டேன். முதல் மூன்று நாள் வெறும் உடம்பு. அடுத்த கிழமை 5 கிலோ அரிசியைச் சாக்கில் கட்டி இடுப்பின் மேல். அதற்கடுத்து 8. பிறகு 12. கீழே துணிக்கு என்ன செய்வது என்றேன். "படங்கு இருக்குல்ல," என்றாள். மலைக்குப் போகும்போது இடுப்பில் சுற்றும் முரட்டுத் துணி. எங்கள் ஜிம்மில் அதற்குத் தனியாகத் தடித்த துணி.

"தெனம் முப்பது. செஞ்சுட்டு வொய்ஸ் போடு. நான் பேர் போடுறேன்," என்றேன்.

அவளுக்கு அது பிடித்துவிட்டது. தோட்டத்தில் ஒரு நாள் வேலை என்றால் ஒரு பேர். சொன்ன கிலோ பறிக்காவிட்டால் அரைப்பேர். அக்கா இருபத்துநாலு வருஷத்தில் அரைப்பேர் வாங்கியதே இல்லை. காய்ச்சலோடும் இல்லை.

ஜூன் 19, வியாழன்

காற்று. பாடசாலைக் கூரைத் தகடு ஒன்று இரவில் பறந்துவிட்டது. அதிபர் கடிதம் எழுதச் சொன்னார். எழுதினேன்.

ஜிம். ஹி.த். 35 கி. கம்பி இடுப்பெலும்பில் குத்துகிறது. இரண்டாவது துணியும் வைத்தேன்.

அக்காவின் வொய்ஸ் தினமும் வருகிறது. மாலை ஐந்தேகால், கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, அடுப்பு பற்றவைப்பதற்கு முன்: "பத்து, பத்து, பத்து. பேர் போட்டுக்க." இந்தக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் தோட்டத்து வருகைப் பதிவான செக்ரோல் மாதிரிக் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். இதுவரை எல்லாம் முழுப்பேர்.

அவள் என்னிடம் எதையோ கற்றுக்கொள்கிறாள் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். அம்மா போனபோது எனக்குப் பன்னிரண்டு, அவளுக்கு இருபத்தொன்று. அம்மாவின் இடத்தில் அவள் பெரட்டில் பெயர் கொடுத்து மலைக்குப் போனாள், நான் பள்ளிக்கூடம் போனேன். இருபத்துநாலு வருஷமாக வாங்கிக்கொண்டே இருக்கிறேன். இப்போதுதான் ஒன்று கொடுத்தேன். அப்படி நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 26, வியாழன்

வெயில், தூசி. பல் வலி (இடது, கீழ்). கிராம்பு.

ஹி.த். 40 கி. நிரோஷா கை தட்டினாள். படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பினேன், கம்பியும் வட்டங்களும் தெரிகிற மாதிரி. பதில்: "நாப்பதா? நா எட்டுலயே நிக்கிறேன். வெக்கமா இருக்கு."

போட்டிக்கு அனுப்பவில்லை. இல்லை, பொய் எழுதக் கூடாது. கொஞ்சம் போட்டிக்குத்தான் அனுப்பினேன். மலையில் அவளை யாரும் முந்தியதில்லை. ஒரு இடத்திலாவது நான் முந்திவிட்டேன் என்று.

அவள் கேட்டாள்: "பாரம் கூடினா மூச்சு முட்டுது. என்னா செய்ய?"

"மூச்சை வயித்துல புடிச்சுக்கிட்டுத் தூக்கு."

ஜூலை 2, புதன்

தவணைப் பரீட்சை. மேற்பார்வை மூன்று பாடம். கால் வலி. மதியம் சாப்பிடவில்லை.

அக்காவின் வொய்ஸ், ஆசிரியர் அறையில் கேட்டேன்: "பாப்பா, இன்னிக்கு பதினஞ்சுதான் ஆச்சு. அடிவயிறு என்னமோ கனமா இருக்கு. கீழ இழுக்கிற மாதிரி. நாளைக்குப் பாக்குறேன்."

பக்கத்தில் மற்ற மிஸ்மார் இருந்தார்கள். எனக்கு விளையாட்டு. குரலைக் கரகரப்பாக்கி அனுப்பினேன்: "அப்ப அரைப்பேர்தான். கெஞ்சினாலும் நடக்காது. நாளைக்கு ஈடு கட்டணும்!"

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் ஒரு சிரிக்கிற மூஞ்சி அனுப்பினாள்.

கடைசிப் பக்கம்: ½.

ஜூலை 3, வியாழன்

ஜிம் போகவில்லை. விடைத்தாள் 76.

5.50க்கு வொய்ஸ்: "நாப்பத்தஞ்சு. பன்னெண்டு கிலோ. நேத்துப் பாக்கியும் சேத்து. போதுமா கணக்கப்புள்ள?"

குரலில் மூச்சு வாங்கியது. பயிற்சி செய்தால் மூச்சு வாங்கத்தான் செய்யும். முழுப்பேர் போட்டேன்.

ஜூலை 5, சனி

காலை பத்தரை. துணி துவைத்துக்கொண்டிருந்தேன். பாக்கியம் அழைத்தாள், லயத்தில் அக்காவுக்கு அடுத்த காம்பராக்காரி.

"மிஸ்ஸு, பயப்படாதீங்க. மணியக்கா நிறுவையில உக்காந்துருச்சு. எந்திரிக்க முடியல. என்னான்னு கேட்டா சொல்ல மாட்டேங்குது. ஆம்பளங்க இருக்காங்கன்னு படங்கை இறுக்கிப் புடிச்சுக்கிட்டே இருக்குது."

தோட்டத்து டிஸ்பென்சரியில் பார்த்துவிட்டுப் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். தோட்டத்து லொறியில், பாக்கியம் கூட வர. நான் வாசலில் நின்றேன். லொறியிலிருந்து அக்கா இறங்கிய விதம். தொடையைச் சேர்த்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக.

"ஒண்ணுமில்ல. நீ சாப்பிட்டியா?"

வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். துணி வாளியிலேயே கிடக்கிறது.

ஜூலை 7, திங்கள்

லீவு போட்டேன்.

கர்ப்பப்பை கீழே இறங்கியிருக்கிறது. நேற்றோ முந்தாநாளோ அல்ல. டொக்டர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, என்னை விட இளமை. திரைக்குப் பின்னால் பார்த்துவிட்டு வந்து கேட்டார்.

"எத்தினை வருஷமா இப்பிடி இருக்கு அம்மா?"

அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு, "புள்ள பொறந்ததுல இருந்து. இப்ப அவளுக்குப் பதினேழு."

"ஏன் இவ்வளவு காலமும் ஒருத்தரிட்டயும் சொல்லேல்லை?"

"மலையில பாதிப் பேருக்கு இருக்குங்க. ராத்திரி படுத்தா உள்ள போயிரும்."

"இப்ப ஏன் திடீரெண்டு கூடினது? இந்தக் கிழமை வேற ஏதும் பாரம் தூக்கினனீங்களோ?"

நான் அங்கேதான் நின்றேன். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு.

அக்கா என்னைப் பார்க்கக்கூட இல்லை. "கொழுந்துதாங்க. வேற என்னா."

நான் அந்தப் பொய்யை அப்படியே விட்டுவிட்டேன். அவள் எனக்காகச் சொன்னாள், எனக்கு அது வசதியாக இருந்தது. டொக்டர் என்னிடம், "நீங்கள் மிஸ்ஸோ? நல்லது. அக்காவுக்கு விளங்கப்படுத்துங்கோ," என்றார். தலையாட்டினேன்.

இறங்கியதைத் தாங்க உள்ளே ஒரு வளையம் வைப்பார்களாம். ஒப்பரேஷனுக்குப் பெயர் எழுதி வைப்பார்களாம். பாரம் தூக்கக் கூடாது.

அதே நாள், மாலை

எழுதாவிட்டால் தூக்கம் வராது.

பதினேழு வருஷம். அது என் உயர்தரப் பரீட்சை வருஷம். அக்காவுக்குப் பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்தபோது நாற்பது நாள் நான் கூட இருப்பதாகப் பேச்சு. அம்மா இல்லை, அத்தான் வீட்டிலும் யாரும் இல்லை. பீலியில் தண்ணீர் பிடிப்பது, விறகு, பிள்ளைத் துணி எல்லாம் நான்தான். ஒன்பதாம் நாள் பதுளையில் செமினார் என்று கிளம்பினேன். "போ, நீ படி. நா பாத்துக்குவேன்," என்றாள். ஒரு தடவை சொன்னாள். இரண்டாவது தடவை சொல்ல நான் விடவில்லை, பை ஏற்கனவே கட்டியிருந்தேன். பத்தாம் நாளிலிருந்து தண்ணீர்க் கேனை அவள் தூக்கினாள். பீலியிலிருந்து லயம் வரை அறுபது படி.

செமினாரில் என்ன படித்தேன் என்று ஒன்றுகூட ஞாபகம் இல்லை.

அதன் பிறகும் போதாது என்று அவள் வயிற்றின் மேல் அரிசிச் சாக்கை வைத்து, மூச்சைப் பிடி, தூக்கு, ஈடு கட்டு என்று சொன்னவளும் நான்தான். ஆசிரியர் அறையில் சிரித்துக்கொண்டு.

ஜூலை 8, செவ்வாய்

டொக்டரிடம் சொல்லிவிட்டேன். நடைபாதையில் நிறுத்தி. எல்லாம். ஹி.த்., அரிசி, 12 கி., 45 தடவை, மூச்சு. செமினாரைச் சொல்லவில்லை, அது அவருக்கு எதற்கு.

நிதானமாகக் கேட்டார். கோபமும் இல்லை, ஆறுதலும் இல்லை.

"இது உங்களால வந்ததில்லை. பதினேழு வருஷமா இருக்கிறது. ஆனா மூச்சை அடக்கிப் பாரம் தூக்கினது கூட்டித்தான் இருக்கும். இல்லையெண்டு நான் சொல்ல மாட்டன்."

"நான் கேட்டிருக்கணும் டொக்டர்."

"ஓம். கேட்டிருக்கலாம்." பிறகு ஃபைலில் எழுதிக்கொண்டே, "பாரமில்லாமல் இடுப்பைத் தூக்கிறது பிழையில்லை. அப்பிடிப் படுக்கேக்க இறங்கினது மேல போகும், அவவுக்குச் சுகமாத்தான் இருந்திருக்கும். இப்ப வேண்டாம். வளையம் வைச்சாப் பிறகு எங்கட பிசியோ மிஸ் பாத்துச் சொல்லுவா."

கட்டிலுக்குப் போனேன். அக்கா விசுக்கோத்தைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"எதுக்கு? நான்தான் கொழுந்துன்னு சொன்னேன்ல."

"ஏன் அக்கா செஞ்ச? கனமா இருக்குன்னு தெரிஞ்சும் ஏன் செஞ்ச?"

விசுக்கோத்தை வாயில் போட்டாள். பிறகு மெதுவாக, பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காமல்: "அன்னிக்கு நீ சொல்லிக் குடுத்தப்ப வெறும் ஒடம்பா தூக்குனேன்ல. அப்ப அது மேல போச்சு பாப்பா. பகல்ல, கண்ணு முழிச்சுக்கிட்டு இருக்கையில, மொத தடவை. எனக்கு அழுகையே வந்துருச்சு. அதான் ஆசையா செஞ்சேன். அப்புறம் நீ கிலோ போட்டுட்ட. கிலோன்னா செய்யணும்ல."

"வேணாம்னு சொல்லியிருக்கலாமே."

"அரைப்பேர்னு சொன்னியே. நா அது வாங்குனதில்ல பாப்பா."

கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வரிசையில் நின்ற பெண் கதவைத் தட்டினாள். வந்துவிட்டேன்.

ஜூலை 10, வியாழன். போயா, பௌர்ணமி

லீவு. காற்று இன்று கொஞ்சம் அடங்கியிருக்கிறது. மேலே விகாரையில் பிக்கு பண உபதேசம் ஓதும் சத்தம் காலையிலிருந்து.

அக்கா என் வாடகை அனெக்ஸில். நேற்று வளையம் வைத்து அனுப்பிவிட்டார்கள். ஒரு கிழமை இங்கே இரு என்றேன். "ஒரு கெழம உக்காந்து என்னா செய்றது?" என்றவள் காலை ஆறுக்கே என் ஜன்னல் எல்லாவற்றையும் துடைத்துவிட்டாள். வாளியைத் தூக்கப் போனாள், கத்தினேன். இருவரும் திடுக்கிட்டோம். நான் அவளிடம் கத்தியதே இல்லை.

வாங்க வேண்டியது: பப்பாசி, கீரை (மலச்சிக்கல் வரக்கூடாதாம்), வெள்ளை நூல்.

டொக்டர் கொடுத்த கடிதத்தைத் தோட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும். லேசான வேலை கொடுக்கச் சொல்லி. நர்சரியில் தேயிலைக் கன்றுக்குப் பை நிரப்புவது. அக்காவுக்கு முகம் விழுந்துவிட்டது.

"நர்சரில பல்லுப் போனவங்கதான் இருப்பாங்க. என் நெரையை யாருக்குக் குடுப்பாங்க?"

அவளுடைய தேயிலை வரிசை. எந்தச் செடியில் குளவி, எந்த இடத்தில் கால் வழுக்கும், எல்லாம் தெரியும்.  கீரை ஆய்ந்தேன்.

முடிவு செய்திருக்கிறேன்: ஜிம்மை விட்டுவிடுவது. ஹி.த். கண்டிப்பாக இல்லை. அந்தக் கம்பியை இனி இடுப்பில் வைக்க எனக்கு என்ன தகுதி.

ஜூலை 15, செவ்வாய்

காலை கிளினிக். பிசியோ மிஸ் அக்காவைப் படுக்க வைத்துப் பார்த்தார். பாரம் இல்லாமல் செய்யலாம். தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும், பிடிக்கவே கூடாது. பத்து போதும். அக்கா மூன்று தடவை திருப்பிச் சொல்லிக் காட்டினாள். நானும் மனதுக்குள் சொன்னேன்.

திரும்பும்போது மணி மூன்றேகால். பஸ் நிலையத்துக்கு நடந்தால், அக்கா நின்றுவிட்டாள்.

"இன்னிக்கு செவ்வாய்க்கெழம. ஒனக்கு வகுப்பு இல்லையா?"

சொன்னேன், விட்டுவிட்டேன் என்று.

"ஏன்?"

"மனசு வரல."

"நீ விட்டா எனக்கு உள்ள போயிருமா?"

நடுத்தெருவில். முறுக்கு விற்பவர் திரும்பிப் பார்த்தார்.

"எனக்கு சொல்லிக் குடுத்துட்டு நீ ஓடப் பாக்குற. போய் செய். நா பாக்கணும். எட்டு மாசம் வகுப்பு வகுப்புன்னு ஏமாத்தினல்ல, அதுக்காச்சும் காட்டு."

கேட்டுவிட்டாள். எட்டு மாதப் பொய்யை இன்றுதான் கேட்டாள். எனக்கு என்னவோ மூச்சு இலகுவாக வந்தது.

படியை மெதுவாக ஏறினாள், கைப்பிடியைப் பிடித்து. நிரோஷா கதிரை போட்டுக் கொடுத்தாள். அக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஜிம்மை முழுதாக ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"இந்த வட்டம் ஒண்ணு எத்தன கிலோ?"

"பத்து."

"ஈரத்துக்குக் கழிப்பாங்களா?"

நிரோஷாவுக்கு விளங்கவில்லை. தோட்டத்தில் கொழுந்து நனைந்திருந்தால் நிறுவையில் இரண்டு மூன்று கிலோ வெட்டுவார்கள் என்று நான் சொன்னேன். "இங்க ஒரு கிராமும் வெட்டுறதில்ல அக்கா," என்றாள் அவள். அக்காவுக்கு ஜிம் மேல் மரியாதை வந்துவிட்டது.

40 கி. வைத்தேன். துணி, கம்பி, தோள் வாங்கில். அக்கா எண்ணினாள், நிறுவையில் கிலோ கூப்பிடும் அதே உரத்த குரலில். ஒண்ணு. ரெண்டு. ஓடும் மெஷின்கள் நின்றுவிட்டன. ஆறில் கண் கலங்கி மேற்கூரை தெரியவில்லை. எட்டில் இறக்கிவிட்டேன். கம்பிக்கடியில் அப்படியே கிடந்தேன்.

"ரெண்டு பாக்கி இருக்கு," என்றாள்.

"முடியல அக்கா."

"நெசமா ஒடம்பு முடியலையா, இல்ல மனசா?"

"மனசு."

"அப்ப செய்."

செய்தேன். ஒன்பது, பத்து. இரண்டுக்கும் மூச்சை விட்டேன், பிடிக்கவில்லை. அவள் என் மூச்சைத்தான் கவனித்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். என் தோள் நொந்தது. அசையவில்லை.

ஜூலை 18, வெள்ளி

அக்கா இன்று திரும்பிப் போகிறாள். பதுளைக்கு 6.10 பஸ், அங்கிருந்து மடுல்சீமை. நானும் கூடப் போகிறேன், கடிதத்தைத் தோட்டத்துத் துரையிடம் நானே கொடுப்பேன். லீவு சொல்லியாகிவிட்டது. பையில்: கடிதம், கிளினிக் அட்டை, பப்பாசி, நூல் (வாங்கிவிட்டேன்).

ஐந்து மணிக்கு எழுந்து பார்த்தால் அவள் ஏற்கனவே பாயில். முழங்கால் மடக்கி, வெறும் உடம்பு. தூக்கும்போது ஊ என்று மூச்சு விடும் சத்தம், அடுப்பு ஊதுகிற மாதிரி. பத்து. மேலே நின்றபடி கண்ணை மூடிக்கொண்டாள். நான் இறக்கு என்று சொல்லவில்லை.

"பேர் போட்டுக்க."

இந்தக் கொப்பியை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். கிட்ட வந்து பார்த்தாள். பதினாலு நாள் வெற்றுக் கட்டம், அதற்கு முன்னால் வரிசையாக என் எழுத்து. இன்றைக்கு முழுப்பேர் போட்டேன். பிறகு ஜூலை 2க்கு நேரே இருந்த அரையைக் காட்டி, "இத அடிச்சிட்டு முழுசா போடவா அக்கா?" என்று கேட்டேன். 

அவள் விரலை வைத்து அந்த வரியைத் தடவினாள்.

"இது இருக்கட்டும். அன்னிக்கு நா கனமா இருக்குன்னு நிப்பாட்டுனேன். அது சரிதான். அடுத்த நாளு போட்டிருக்க பாரு முழுப்பேரு, அத வேணா அடி."

ஜூலை 3. அடித்தேன்.

மணி 5.50. அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில். பையை நான் தூக்கிக்கொள்கிறேன்.